முரசும் நடையும்: அன்றும் இன்றும்

நம் பள்ளி விளையாட்டு விழாவின் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக இருப்பது அணிவகுப்பு. பெற்றோர் பலர் அது முடிந்த பிறகுதான் திடலுக்கு வந்து சேருகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் ஒருத்தி முந்துகிறாள், ஒருத்தி பிந்துகிறாள். நடனத்தில் வண்ண உடைகள் இருக்கின்றன. நான்கு இல்லங்களின் மாணவியர் பாண்டு ஒலிக்கேற்பத் திடலை ஒரு சுற்றுச் சுற்றி வருவதில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் எண்ணக்கூடும். அந்த ஐந்து நிமிட நடை எங்கிருந்து வந்தது, அதில் எவையெல்லாம் மாறியிருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த ஆண்டு சற்று முன்னதாகவே வருவார்கள் என்னும் நம்பிக்கையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முரசு தமிழருக்குப் புதியதன்று. வீர முரசு, நியாய முரசு, தியாக முரசு என மூவகை முரசுகள் அரசர்க்கு உரியனவாக இருந்தன என்று தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். மோசிகீரனார் என்னும் புலவர் களைப்பு மிகுதியால் முரசுக் கட்டிலில் படுத்து உறங்கிவிட்டார். நீராட்டுவதற்காக எடுத்துச் செல்லப்பட்டிருந்த முரசு திரும்பி வந்தது. முரசு வைக்கும் இடத்தில் படுப்பது மரண தண்டனைக்கு உரிய குற்றம். ஆனால் சேர மன்னன் வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்துப் புலவருக்கு வீசினான். இந்தச் செய்தி புறநானூற்றின் ஐம்பதாம் பாடலில் உள்ளது. அம்மன்னனின் பெயர் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 1965 வரை தருமபுரி நம் சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆகவே தமிழ் இலக்கியத்தின் புகழ்பெற்ற முரசுக் கதையில் நமக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் இன்று நம் மாணவியர் தோளில் மாட்டிக்கொள்ளும் முரசு அந்த முரசின் வழி வந்ததன்று. அது கடல் கடந்து வந்தது. பெரிய முரசு, சிம்பல் என்னும் வெண்கலத் தாளம், டிரையாங்கிள் ஆகிய மூன்றும் துருக்கியப் படையினரின் இசைக் குழுக்களிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகளுக்குச் சென்றவை. அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துடன் நம் நாட்டுக்கு வந்தன. 1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலம், பாரமகால் பகுதிகள் கம்பெனியின் கைக்கு வந்தன. சங்ககிரிக் கோட்டையில் அதன் படை தங்கியது. கம்பெனியின் சிப்பாய்ப் பட்டாளங்களில் டிரம் அடிப்பவர்களும் சிறு குழல் ஊதுபவர்களும் இருந்தார்கள். எழுவது, உண்பது, அணி சேர்வது, உறங்குவது அனைத்தும் அவர்கள் தரும் ஓசைக் குறிப்பின்படியே நடந்தன. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் கட்டளை சேர வேறு வழி ஏது?

இந்த இராணுவ இசையைத் தமிழ்நாடு வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தஞ்சை அரண்மனையில் மேனாட்டு வாத்தியங்களைக் கொண்ட பாண்டு குழு ஒன்று இருந்தது. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில பாண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் ஏறத்தாழ நாற்பது பாடல்கள் இயற்றினார். அவற்றை நோட்டுஸ்வரங்கள் என்கிறோம். இன்றும் இசை வகுப்பில் சிறுமியருக்குத் தொடக்கத்தில் கற்றுத் தருவதற்கு அவை எளிமையாக இருக்கின்றன.

படையிலிருந்து பள்ளிக்கு இந்த நடை எப்படி வந்தது? 1883-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஸ்மித் என்பவர் பாய்ஸ் பிரிகேடு என்னும் சிறுவர் அமைப்பைத் தொடங்கினார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அடங்காத சிறுவர்களை அடக்க டிரில்லும் பியூகிளும் உதவும் என்பது அவருடைய எண்ணம். பிறகு பேடன் பவலின் சாரணர் இயக்கம் வந்தது. 1911-இல் ஜபல்பூரில் நம் நாட்டின் முதல் கைடு படை அமைந்தது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். அங்கே பயின்றவர்கள் விசிலும் லெப்ட், ரைட்டுமாக மாநிலமெங்கும் உள்ள பள்ளிகளுக்குச் சென்றார்கள். உங்கள் தாத்தாக்கள் "டிரில் மாஸ்டர்" என்று சொல்லும்போது அவர்கள் குரலில் இன்னும் கொஞ்சம் நடுக்கம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

முரசே இல்லாத ஓர் அணிவகுப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்கள் 98 பேர் இராஜாஜியின் தலைமையில் வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார்கள். இராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவர். சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தவர். அந்த 150 மைல் பயணத்துக்கு வழிநடைப் பாடல் எழுதித் தந்தவர் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. பாண்டு இல்லை, சீருடை அதிகாரி இல்லை. பாட்டின் தாளமே அடியின் தாளமாயிற்று. பாடிக்கொண்டு நடப்பவர் விரைவில் களைப்பதில்லை என்பதை ஜெபமாலைப் பவனியிலும் மலைத் திருப்பயணத்திலும் நீங்களே கண்டிருப்பீர்கள்.

இதுவரை சொன்னதில் பெண்கள் மிகச் சிலரே. சிப்பாய்கள் ஆண்கள், பிரிகேடு சிறுவர்களுக்கு, உப்புப் பயணத்தின் அணியிலும் ஆண்களே. தமிழ்ப் பெண்கள் நூற்றுக்கணக்கில் சீருடை அணிந்து அணிவகுத்தது முதலில் தமிழ்நாட்டில் அன்று, சிங்கப்பூரில். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபரில் பயிற்சி முகாம் தொடங்கியது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய குடும்பங்களின் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். கோலாலம்பூரில் வசதியாக வளர்ந்த ஜானகி தேவர் என்னும் பதினெட்டு வயதுப் பெண்ணும் சேர்ந்து, பின்னர் படையின் துணைத் தலைவியானார். அதுவரை வீதியில் தலை குனிந்து நடக்கப் பழக்கப்பட்டவர்கள் காற்சட்டை அணிந்து, தோளில் துப்பாக்கியுடன், நிமிர்ந்து, எதிரே நேராகப் பார்த்து நடந்தார்கள். டிரில்லில் முதலில் கற்றுத்தருவது என்ன? "தலை நிமிர்ந்து பார்." ஓர் ஆண் பிள்ளைக்கு அது வெறும் கட்டளை. அந்தப் பெண்களுக்கு அது பெரிய மாற்றம்.

விடுதலைக்குப் பின் 1948-இல் தேசிய மாணவர் படைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, 1949-இல், அதில் மகளிர் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் பின் கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் காக்கி உடை அணிந்த மாணவியரைக் காண முடிந்தது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனி வரலாறும் உண்டு. என்.சி.சி.யின் கட்டளைச் சொற்கள் இந்தியில் இருந்தன. மொழிப் போராட்டங்களின் பின்னணியில் 1968 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம், இருமொழிக் கொள்கையை அறிவித்ததோடு, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்றும் கூறியது. "திரும்பு" என்று எந்த மொழியில் சொன்னால் ஒரு மாணவி திரும்ப வேண்டும் என்பது சட்டமன்றம் வரை சென்ற கேள்வி! சிங்கப்பூரில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் இந்துஸ்தானிக் கட்டளைகளைக் கற்றே நடந்தார்கள் என்பதையும் இதனுடன் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் காரணங்கள் உண்டு. வகுப்பில் விவாதிக்க நல்ல பொருள்.

இனி முரசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகக் காண்போம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சைடு டிரம் என்னும் சிறு முரசுக்கு இரு முகங்கள் உண்டு. மேல் முகத்தைக் குச்சியால் அடிக்கிறோம். கீழ் முகத்தின்மேல் நரம்பு அல்லது கம்பிச் சுருள்கள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மேலே அடிக்கும்போது உள்ளிருக்கும் காற்று கீழ் முகத்தை அதிர வைக்கிறது. கம்பிகள் அதன்மேல் துள்ளுகின்றன. "டம்" என்று வர வேண்டிய ஓசை "டர்ர்" என்று வருவது அதனால்தான். பேஸ் டிரம்முக்கு அந்தக் கம்பி இல்லை. ஆகவே அது ஆழ்ந்து ஒலிக்கிறது. இடது கால் தரையில் படும் நேரத்தை நமக்குச் சொல்வது அதுவே.

முன்பு இரு முகங்களும் கன்றுத் தோல். தோல் ஈரத்தில் தளரும், வெயிலில் இறுகும். சேலத்து வெயிலில் அதிகக் கவலை இல்லை. ஆனால் சுதந்திர தினம் ஆகஸ்டில் வருகிறது. முதல் நாள் இரவு மழை பெய்துவிட்டால் மறுநாள் காலை முரசு ஈரச் சாக்கைத் தட்டியது போல் ஒலிக்கும். வெயிலில் காய வைத்து, கயிற்றை இழுத்து, தோல் பட்டைகளை நகர்த்திச் சரிசெய்வார்கள். நம் ஊர்ப் பறைக் கலைஞர் வைக்கோல் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவதும் இதே காரணத்துக்காகத்தான். 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் முகம் விற்பனைக்கு வந்தது. மழை அதை ஒன்றும் செய்யாது. கயிறு போய்த் திருகாணி வந்தது. பாண்டு வாத்தியங்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து மீரட் நகரிலிருந்து நமக்கு வருகின்றன. அங்கே ஜாலி கோட்டி என்னும் பகுதி முழுவதும் இதே தொழில்தான்.

முரசு தொங்கும் விதம் மாறியபோது கையும் மாறியது. சைடு டிரம் என்ற பெயரே அது இடுப்பின் பக்கவாட்டில் தொங்குவதால் வந்தது. வலது தோளில் மாட்டிய வாரில் தொங்கி, இடது தொடையின்மேல் சாய்ந்திருக்கும். சாய்ந்த முகத்தை அடிக்க இடது கை உள்ளங்கை மேல்நோக்கியிருக்குமாறு குச்சியைப் பிடிக்க வேண்டும். வலது கைக்கு அப்படி இல்லை. புதிதாகக் கற்கும் மாணவியை அழ வைப்பது இந்த இடது கைதான். இப்போது இரு தோள்களிலும் மாட்டும் உலோகத் தாங்கிகள் வந்துவிட்டன. முரசு முன்னால் மட்டமாக நிற்கிறது. இரு கைகளும் ஒரே மாதிரி பிடிக்கலாம். சாய்ந்த முரசு மறைந்த பிறகும் பலர் பழைய பிடியையே கற்பிக்கிறார்கள். அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அழகாகத்தான் இருக்கிறது.

நடையின் கணக்கு எளிது. விரைவு நடையில் நிமிடத்துக்கு 120 அடி. அதாவது அரை விநாடிக்கு ஓர் அடி. ஓர் அடி 75 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 90 மீட்டர் கடக்கிறோம். இங்கேதான் இயற்பியல் குறுக்கிடுகிறது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பல பள்ளிகள் சேர்ந்து நடக்கும் மாவட்ட விழாவில் அணி நீண்டுவிடும். பாண்டு முன்னால் இருக்க, 170 மீட்டர் பின்னால் நடக்கும் மாணவிக்கு முரசொலி அரை விநாடி பிந்தியே கேட்கும். முன்னால் உள்ளவள் வலது காலை வைக்கும்போது, பின்னால் உள்ளவள் இடது காலுக்கான ஒலியையே கேட்கிறாள். இருவரும் தாம் கேட்டபடி சரியாகவே நடக்கிறார்கள். ஆனால் மேடையிலிருந்து பார்ப்பவருக்கு இருவர் கால்களும் எதிர் எதிராகத் தெரியும். பின்வரிசை மாணவியர் காரணமில்லாமல் திட்டு வாங்குவது இப்படித்தான். பாண்டு திடலின் நடுவில் நின்று வாசித்தால் இந்தக் குறை பெருமளவு குறைகிறது. நீண்ட அணியில் பின்னால் உள்ளவர்கள் முரசைக் கேட்பதைவிட முன்னால் செல்பவளின் குதிகாலைப் பார்ப்பது நல்லது.

அமெரிக்காவில் இந்தக் கலை வேறொரு திசையில் வளர்ந்தது. நம் சபைகளின் பங்குத்தளங்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. 1934-இல் நியூ ஜெர்சியின் கார்ஃபீல்டில் திருநாமப் பங்கின் சிறுவர்களைக் கொண்டு ஹோலி நேம் கேடட்ஸ் என்னும் முரசு–பியூகிள் குழு தொடங்கியது. 1940-இல் பாஸ்டனில் மிகத் தூய திரு இரத்தப் பங்கில் இன்னொன்று. இப்படிப் பல ஊர்களில் பங்குச் சாமியார் முரசு வாங்கித் தர, ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள் தெருவில் பழகினார்கள். போர் வீரர் சங்கங்கள் போட்டிகளை நடத்தின. நடுவர்கள் ஒவ்வொரு பிழைக்கும் மதிப்பெண்ணின் ஒரு துளியைக் குறைப்பார்கள். பிழை குறைந்தவரே வென்றார்.

1971-இல் குழுக்களின் இயக்குநர்களே சேர்ந்து டிரம் கோர் இன்டர்நேஷனல் என்னும் தனி அமைப்பைத் தொடங்கினார்கள். 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டரில் அதன் முதல் பட்டப் போட்டி நடந்தது. அதன் பிறகு மாற்றங்கள் வேகமாயின. 2000-இல் பியூகிளுக்குப் பதிலாக வேறு சுருதிப் பித்தளை வாத்தியங்களை அனுமதித்தார்கள், 2004-இல் ஒலிபெருக்கி, 2009-இல் மின்னணுக் கருவிகள். நேர்கோட்டில் நடந்தவர்கள் இன்று ஓடுகிறார்கள், சுழல்கிறார்கள், நாடகம் போலக் கதை சொல்கிறார்கள். பழைய தலைமுறையினர் "இது அணிவகுப்பா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. முன்பு பங்கின் ஏழைப் பிள்ளை சேர்ந்த குழுவில் இன்று சேர ஒரு கோடைக் காலத்துக்குப் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். ஹோலி நேம் கேடட்ஸ் வழி வந்த குழு 2024-இல் கலைந்தே போயிற்று. பாஸ்டன் குழுவோ 2025-இல் முதன்முறையாகப் பட்டம் வென்றது. கலை உயர்ந்திருக்கிறது, கதவு குறுகியிருக்கிறது.

நம் நாட்டில் அந்தக் கதவு இன்னும் அகலமாகவே இருக்கிறது என்பேன். குடியரசு தினத்தையொட்டித் தேசியப் பள்ளி பாண்டு போட்டியைக் கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து நடத்துகின்றன. மாநிலம், மண்டலம், தேசியம் என மூன்று நிலைகள். பித்தளை வாத்திய பாண்டு, பைப் பாண்டு என இருவகை. ஒவ்வொன்றிலும் மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிப் போட்டி. 2025 குடியரசு தின விழாவில் டெல்லி கர்த்தவ்ய பாதையில், குடியரசுத் தலைவரின் மேடைக்கு எதிரே, ஜார்கண்ட் மாநிலம் பட்டம்டாவின் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா மாணவியரின் பைப் பாண்டு வாசித்தது. வசதியற்ற குடும்பத்துச் சிறுமியருக்காக அரசு நடத்தும் உறைவிடப் பள்ளிகளில் ஒன்று அது. பணக்காரப் பள்ளிகளுக்கே பாண்டு என்று எண்ணுபவர்கள் அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு முரசைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையாக இராது. கன்றுத் தோல் போர்த்த சைடு டிரம்மைப் பட்டாளத்தின் பெருமையாகப் போற்றிய நாட்டில், மாட்டுத் தோல் போர்த்த பறையையும் அதை அடித்தவரையும் ஊருக்கு வெளியே நிறுத்தினோம். தோலில் வேற்றுமை இல்லை, மனத்தில் இருந்தது. சாவு வீட்டில் அடிப்பதற்கு மட்டும் அவரை அழைத்தோம். இது இப்போது மாறி வருகிறது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா முன்னின்று உருவாக்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில், பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்த இளம் பெண்கள் பறை கற்றார்கள். பெண் பறை அடிப்பதா என்று கேட்டவர்கள் முன்னே அடித்துக்கொண்டே ஆடினார்கள். பறையாட்டத்தில் அடியும் அடவும் சேர்ந்தே வருகின்றன. கை அடிக்கும்போதே கால் நடக்கிறது, உடல் திரும்புகிறது. அமெரிக்கக் குழுக்கள் ஐம்பது ஆண்டுகள் முயன்று கண்டுபிடித்ததை நம் ஊர்க் கலைஞர் எப்போதோ செய்துகொண்டிருந்தார். நம் பள்ளி பாண்டில் சைடு டிரம்முக்கு அருகில் பறைக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். தலைமைச் சகோதரியிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன், மறுக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் சேலம், நாமக்கல் வட்டாரம் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்றது. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் பிள்ளைகளை இங்கே விடுதிகளில் சேர்த்தார்கள். 2017-இல் அரசு மாநில அளவிலான தர வரிசை அறிவிப்பை நிறுத்தியது. ஆனால் பந்தயம் நிற்கவில்லை, வேறு தேர்வுக்கு மாறிக்கொண்டது. இதில் முதலில் காணாமற்போனது உடற்கல்வி வகுப்பு. கணக்கு ஆசிரியை கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். அவரும் என் தோழியே. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பாண்டு கிடையாது என்று பெற்றோர் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். ஆக ஒரு மாணவிக்குக் கிடைப்பது ஒன்பதாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் மட்டுமே. சைடு டிரம்மில் சீரான ரோல் வாசிக்கக் கை பழகவே ஓர் ஆண்டு ஆகும். பழகிய கை விலகிவிடுகிறது. புதிய கை வருகிறது. அக்காவிடமிருந்து தங்கை கற்க இருவரும் ஒரே ஆண்டில் திடலில் இருக்க வேண்டுமல்லவா? வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கேட்கிறோம். அதனால் மதிப்பெண் குறைந்தது என்று எவர் சொன்னாலும் அந்த மாணவியின் கைப்பேசி நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன்.

இதற்காகவே வரும் ஆண்டு முதல் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவியரையும் சேர்த்துக்கொள்ள இருக்கிறோம். முரசு தேவையில்லை. பழைய செருப்பின் ரப்பர் துண்டை ஒரு பலகையில் ஒட்டி, இரண்டு குச்சிகள் வைத்துக்கொண்டால் போதும். வலது கையால் இரண்டு அடி, இடது கையால் இரண்டு அடி. ஆங்கிலேயப் பட்டாளத்தில் சிறுவர்களுக்கு இதை "மம்மி–டாடி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். நாம் அம்-மா, அப்-பா என்று சொல்லிக்கொள்ளலாம். முதலில் மிக மெதுவாக, நான்கு அடிகளும் ஒரே அளவாகக் கேட்கும் வரை. பிறகு சிறிது சிறிதாக வேகம் கூட்டுங்கள். வேகம் கூடக் கூட அடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே நீண்ட ஓசையாகிவிடும். அதுதான் ரோல். கோடை விடுமுறையில் நாள்தோறும் பத்து நிமிடம் பழகிவிட்டு, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பலகையோடு உடற்கல்வி அறைக்கு வாருங்கள்.